உபகாரச் சம்பளம் யாருக்கு?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் தொழிற்சங்க ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



பஞ்சப்படியைப் பற்றிப் பேசுவான், போனசைப் பற்றிப் பேசுவான் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. கல்லூரி பீஸைப் பற்றிப் பேசப் போகிறேன். "நமக்கும் கல்லூரிக்கும் என்ன சம்பந்தம்?" என்று நம் தகப்பன்மார் கேட்டிருப்பார்கள். நம் பிள்ளைகள் அப்படிக் கேட்பதில்லை. பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்பா, வருமானச் சர்டிபிகேட் எப்போது வாங்குவீர்கள்?" என்று கேட்கிறார்கள்.

அந்தச் சர்டிபிகேட்டில்தான் சங்கதி இருக்கிறது. எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் 2022-ல் கவுன்சிலிங்கில் ஒரு சுயநிதி என்ஜினீயரிங் கல்லூரியில் சர்க்கார் ஒதுக்கீட்டு இடம் பெற்றாள். பீஸ் ஆண்டுக்கு ரூ. 50,000. நாங்கள் ஆதிதிராவிட வகுப்பு. ஆகவே உபகாரச் சம்பளம் உண்டு என்று தைரியமாக இருந்தேன். வருமானச் சர்டிபிகேட்டுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட்டு, சம்பளச் சீட்டு ஒன்றைச் சேர்த்தேன். கைக்கு அகப்பட்ட சீட்டு அது. அந்த மாதம் இரண்டு ஞாயிறு ஓவர்டைம் பார்த்திருந்தேன். சீட்டில் ரூ. 21,400 இருந்தது. ஆபீஸில் அதைப் பன்னிரண்டால் பெருக்கினார்கள். ரூ. 2,56,800. சட்டம் விதித்த வரம்பு ரூ. 2,50,000. கதை முடிந்தது!

என் சாதாரண மாதச் சம்பளம் ரூ. 19,600. அதைப் பெருக்கியிருந்தால் ரூ. 2,35,200-தான். ஓவர்டைம் பார்த்தால் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாம் என்று நினைத்தேன். அந்த ஓவர்டைமே பிள்ளையின் பீஸைத் தின்றுவிட்டது. பன்னிரண்டு மாதச் சீட்டையும் ஆலை ஆபீஸில் வாங்கி, தாலுகா ஆபீஸுக்கு நாலு முறை நடந்து, சர்டிபிகேட்டைத் திருத்தி வாங்கினேன். நாலு நாள் சம்பளம் போனது. அதற்குள் கடைசித் தேதியும் போனது. முதல் வருஷப் பீஸுக்கு என் மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

"முதல் பட்டதாரிச் சலுகை இல்லையா?" என்று அங்கே ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. 2010-ல் வந்த அந்தச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் குடும்பத்தில் முதல் பட்டதாரிக்குத்தான் கிடைக்கும். என் மூத்த மகன் பி.ஏ. முடித்துவிட்டான். அண்ணன் படித்தான் என்பதற்காகத் தங்கைக்குக் கதவு சாத்தியது. அவள் சர்க்கார் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவிகித ஒதுக்கீட்டில் பீஸ் முழுவதையும் சர்க்காரே கட்டியிருக்கும். அவள் படித்தது உதவி பெறும் பள்ளி. அந்தக் கதவும் இல்லை. வாசல் பல இருக்கிறது தோழர்களே, ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன்.

கோடு போட்டது யார்?

இந்த உபகாரச் சம்பளம் யாரும் போட்ட பிச்சையல்ல. 1944-ல், டாக்டர் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் மெம்பராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்காகத் தொடங்கியது. பத்தாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்கு, பிளஸ் ஒன் முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை, இது உண்டு. பீஸும் தருவார்கள், பராமரிப்புத் தொகையும் தருவார்கள்.

பெற்றோர் வருமான வரம்பை 2010-ல் ரூ. 2 லட்சமாக்கினார்கள். 2013-ல் ரூ. 2½ லட்சமாக்கினார்கள். அதன் பிறகு? அரிசி விலை ஏறியது, பஸ் கட்டணம் ஏறியது, காஸ் சிலிண்டர் விலை ஏறியது. கோடு மட்டும் 2025-லும் அதே இடத்தில் நின்றது.

இரண்டரை லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள். மாதம் ரூ. 20,833. புருஷன் ஸ்பின்னிங்கில் ரூ. 12,000 வாங்குகிறான், பெண்சாதி பனியன் கம்பெனியில் ரூ. 9,000 வாங்குகிறாள். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு ரூ. 2,52,000. கோட்டுக்கு மேலே ரூ. 2,000. அந்த இரண்டாயிரத்துக்காக ரூ. 50,000 பீஸ் முழுவதும் அவர்கள் தலையில் விழுகிறது! கொஞ்சம் கூடினால் கொஞ்சம் குறைத்துக் கொடு என்ற படிக்கட்டே இந்தத் திட்டத்தில் கிடையாது. கோட்டுக்குக் கீழே இருந்தால் எல்லாம்; ஒரு ரூபாய் மேலே போனால் சூன்யம். வீட்டில் பெண் வேலைக்குப் போகாமல் இருந்தால்தான் பிள்ளை படிக்கலாம் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

2019-ல் மத்திய சர்க்கார் முன்னேறிய வகுப்பு ஏழைகளுக்கு 10 சதவிகித இடஒதுக்கீடு கொண்டு வந்தது. அங்கே ஏழை என்பவன் யார்? ஆண்டு வருமானம் ரூ. 8 லட்சத்துக்குக் குறைந்தவன். 2024 நவம்பரில் வித்யாலட்சுமி என்று ஒரு கல்விக் கடன் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை ஒப்புதல் தந்தது. ரூ. 10 லட்சம் வரை கடனுக்கு 3 சதவிகித வட்டிச் சலுகை. அதற்கும் வருமான வரம்பு ரூ. 8 லட்சம். பாங்கிக்குக் கடன்காரனாக வருபவனுக்கு எட்டு லட்சம் வரை கதவு திறந்திருக்கிறது. உபகாரச் சம்பளம் கேட்டு வரும் ஆதிதிராவிடத் தொழிலாளியின் பிள்ளைக்கு இரண்டரை லட்சத்தில் சாத்திவிடுகிறார்கள். ஒரே சர்க்கார், ஒரே நாடு, ஏழைக்கு இரண்டு அளவுகோல்!

அறுபதுக்கு நாற்பது

விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்கு இந்த வரம்பு பெரிய தொல்லையல்ல. நடவுக்கும் அறுப்புக்கும் போய் இரண்டரை லட்சம் சம்பாதிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. அவர்களுடைய தொல்லை வேறு: பணம் வருவதில்லை, வந்தால் காலத்தில் வருவதில்லை. அதன் காரணத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

முன்பு கணக்கு இப்படி இருந்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி வருஷத்தில் எவ்வளவு செலவாயிற்றோ, அந்தத் தொகை முழுவதும் அடுத்த திட்டத்தில் மாநில சர்க்காரின் பாரம். அதற்கு மேல் கூடுகிற செலவை மட்டும் மத்திய சர்க்கார் தரும். திட்டத்துக்குத் திட்டம் மாநிலத்தின் சுமை ஏறிக்கொண்டே போயிற்று. 2017-ல் ஐந்தாண்டுத் திட்டங்களே முடிந்து போயின. அதன் பிறகு மூன்று வருஷம் நாடு முழுவதற்கும் மத்திய சர்க்கார் தந்தது ஆண்டுக்குச் சுமார் ரூ. 1,100 கோடிதான். பல மாநிலங்களில் பாக்கி நின்றது. கல்லூரிக்காரர்கள் பிள்ளைகளைப் பிடித்தார்கள்.

கூச்சல் எழுந்த பிறகு, 2020 டிசம்பரில் புதுக் கணக்கு வந்தது. மத்திய சர்க்கார் 60, மாநிலம் 40. ஐந்து வருஷத்துக்கு மொத்தம் ரூ. 59,048 கோடி, அதில் மத்திய பங்கு ரூ. 35,534 கோடி. அறுபதுக்கு நாற்பது என்றதும் இங்குள்ள பெரியவர்களுக்கு 1956 நியாய வாரச் சட்டம் ஞாபகம் வரும். நன்செயில் நிலச்சொந்தக்காரனுக்கு 40 என்று அந்தச் சட்டம் சொன்னது. களத்துமேட்டில் அதை அளந்து வாங்க எத்தனை போராட்டம்! இந்த வாரத்திலும் அளப்பதில்தான் சிக்கல். மாநிலம் தன் 40-ஐ முதலில் போட வேண்டும்; அதன் பிறகுதான் மத்திய 60 வரும். ஒருவர் தாமதித்தால் மற்றவரும் தாமதம். நடுவில் நிற்பவன் மாணவன்.

இன்னொரு மாறுதலும் வந்தது. மத்திய பங்கு இப்போது மாணவனின் பாங்கிக் கணக்கில் நேரே விழுகிறது. கல்லூரி பீஸும் அதில்தான் வரும். மாணவன் எடுத்துக் கல்லூரியில் கட்ட வேண்டும். நடுவில் கைமாறாது, திருட்டு நடக்காது என்றார்கள். நல்லதுதான், பொய்ப் பெயரில் பணம் வாங்கிய கல்லூரிகள் நாட்டில் இருந்ததை யார் மறுப்பது? ஆனால் மழையில்லாத வருஷத்தில், கந்துக்காரன் வாசலில் நிற்கும்போது, பிள்ளையின் கணக்கில் முப்பதாயிரம் வந்து விழுந்தால் என்ன ஆகும்? நான் பார்த்திருக்கிறேன். தகப்பனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜூன் மாதம் கட்ட வேண்டிய பீஸுக்குப் பணத்தை ஆண்டு முடிவில் அனுப்புகிறவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஒரு சின்னத் தகவல், ஆனால் முக்கியம். பணம் போகும் கணக்கு, பிள்ளை மனுவில் எழுதிய கணக்கல்ல. ஆதார் கடைசியாக எந்தக் கணக்கோடு இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கு. நகரத்தில் பார்ட் டைம் வேலைக்குப் போன பையன் அங்கே புதிதாக ஒரு கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்திருப்பான். பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். இங்கே தாயும் மகனும் பழைய பாஸ்புக்கை மாதா மாதம் பதிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நாளைக்குப் பதினாறு ரூபாய்

பராமரிப்புத் தொகையையும் கேளுங்கள். 2021 விதிப்படி, ஹாஸ்டலில் தங்கி என்ஜினீயரிங், டாக்டர் படிப்புப் படிக்கும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ரூ. 13,500. பி.ஏ., பி.எஸ்ஸி. படிக்கும் ஹாஸ்டல் பிள்ளைக்கு ரூ. 6,000. வீட்டிலிருந்து போய் வருபவனுக்கு ரூ. 3,000. ஆறாயிரத்தைக் கணக்குப் போட்டால் நாளைக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். இதில் சாப்பாடா, சோப்பா, ஊருக்கு வரப் பஸ் கட்டணமா? நம் பிள்ளைகளில் அதிகம் பேர் படிப்பதோ இந்த பி.ஏ., பி.எஸ்ஸி.தான்.

நல்லதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2022 செப்டம்பரில் மாநில சர்க்கார் புதுமைப் பெண் திட்டத்தைக் கொண்டு வந்தது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை சர்க்கார் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் ரூ. 1,000. 2024 ஆகஸ்டில் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் 2024 முடிவில் சேர்த்தார்கள். இதில் வருமான வரம்பு இல்லை. எந்தப் பள்ளியில் படித்தாய் என்பதே கேள்வி. தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டியதில்லை, ஓவர்டைமை மறைக்க வேண்டியதில்லை. கோடு போடத்தான் வேண்டும் என்றால் இப்படிப் போடட்டும்.

நம் கையில் இருப்பது

வரம்பை உயர்த்து, கோட்டுக்கு மேல் படிப்படியாகக் குறைத்துக் கொடு, பீஸைக் கல்லூரி திறக்கும்போதே கொடு என்று கேட்கிறோம், கேட்டுக்கொண்டே இருப்போம். அதற்குள் ஜூன் மாதம் வந்துவிடும். அதனால் சில விஷயங்களை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தரகர்கள் வருவார்கள். "இந்தக் கல்லூரியில் சேருங்கள், ஸ்காலர்ஷிப்பில் எல்லாம் கழிந்துவிடும்" என்பார்கள். மானேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் உபகாரச் சம்பளம் கிடையாது என்று 2018-லேயே மத்திய விதியில் எழுதிவிட்டார்கள். கவுன்சிலிங் வழியாகத்தான் சேர வேண்டும். தரகன் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவான். இரண்டாம் செமஸ்டரில் பீஸ் கேட்டு வரும் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

2010 விதிகள் தெளிவாகச் சொன்ன ஒன்று: தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கும்வரை அவர்கள் வருமானத்தை மட்டுமே பார்க்க வேண்டும். அண்ணன் ஆலையில் சம்பாதிப்பதைச் சேர்க்கக் கூடாது. வருமான வரியில் விலக்குப் பெற்ற வீட்டு வாடகைப் படியையும் சேர்க்கக் கூடாது. மனுவில் வீட்டில் உள்ள எல்லோருடைய கூலியையும் நீங்களாகவே கூட்டிப் போட்டுவிடாதீர்கள்.

பீஸ் பாக்கி என்று சொல்லி அசல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. அசல் சர்டிபிகேட்டைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் உத்தரவு போட்டிருக்கிறது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். முன்பணம் கட்டாமல் சேர்வதற்கு ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று 2021 விதிகளில் சொல்லப்பட்டிருக்கிறது, அதையும் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் "பிறகு பார்க்கலாம்" என்பார்கள். நாலு பேராகப் போங்கள், எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

என் மகள் இரண்டாம் வருஷம் உபகாரச் சம்பளம் வாங்கினாள். கம்மல் இன்னும் திரும்பவில்லை, வட்டிதான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க ஆபீஸில் மனு எழுத இரண்டு பையன்கள் இருப்பார்கள். ஆலைத் தோழர்கள் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டையும் கொண்டு வாருங்கள். ஓவர்டைம் மாதச் சீட்டை மட்டும் கொண்டு வந்து என்னைப் போல ஏமாறாதீர்கள். விவசாயத் தொழிலாளர் தோழர்களுக்காக மாலை ஏழு மணிக்கும் ஆபீஸ் திறந்திருக்கும். கூலிக்குப் போய்விட்டு வரலாம். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளையின் பாஸ்புக் மூன்றும் வேண்டும். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள்.