6ஆம் தேதி மிக்சி

கிரெடிட் கார்டில் 50 நாள் வரை வட்டியில்லை என்பார்கள். அது வாங்கும் தேதியைப் பொறுத்தது. மாதம் 5ஆம் தேதி பில், 25ஆம் தேதி கெடு என்று வையுங்கள். 6ஆம் தேதி மிக்சி வாங்கினால் அடுத்த மாதம் 25 வரை அவகாசம். 4ஆம் தேதி வாங்கினால் மூன்று வாரம்தான்.

பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று இருக்கும். நல்ல குடும்பங்கள் பல சிக்குவது இங்கேதான். அதை மட்டும் கட்டினால் அபராதம் வராது; ஆனால் பொருள் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பல கார்டுகளில் மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல்! பாக்கி தீரும்வரை, புதிதாக வாங்கும் அரிசி பருப்புக்கும் அன்றைக்கே வட்டி.

ஏடிஎம்மில் பணம் எடுத்தால் வட்டியில்லாச் சலுகை நாளே கிடையாது. சம்பளத் தேதியோடு கெடு ஒத்துவரவில்லையா? பில் தேதியை மாற்றித் தரச் சொல்லி வங்கியில் கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதியே அதற்கு இடம் தருகிறது.