சண்டைப் படங்களின் பாயிரம்

இலக்கிய நிகழ்ச்சியிலே சண்டைப் படங்களுக்கு என்ன வேலை என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நான் பேச எடுத்துக்கொண்டது சண்டையைப் பற்றியல்ல. அதற்கு முன்னே வருகின்ற முதற் பத்து நிமிடத்தைப் பற்றி.

எத்துணை விரிந்த நூலாயினும் பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நன்னூல் கண்ட பவணந்தியாரின் துணிபு. ஆக்கியோன் பெயர் முதலாக எட்டுச் செய்திகளைப் பாயிரம் உணர்த்த வேண்டும் என்று கூறும் அவர், நுதலிய பொருளையும் கேட்போரையும் அவற்றுள் வைக்கிறார். உயர்தர வகுப்பு மாணவர்கள் இவ்வெட்டையும் மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, மண்டபத்திலேயே மறந்துவிடுகிறார்கள். ஆனால் 'கேட்போர்' என்ற அந்தச் சொல் என்னை விட்டுப் போவதில்லை. எதைச் சொல்கிறோம் என்பதோடு யாருக்குச் சொல்கிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும் என்பதல்லவா அதன் கருத்து?

சண்டைப் படம் சண்டையோடுதான் தொடங்க வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். ஜேம்ஸ் பொண்ட் படங்கள் இவ்வெண்ணத்தை வளர்த்தன. 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் நாயகன் நீருக்குள்ளிருந்து தலையில் ஒரு கடற்பறவைப் பொம்மையோடு எழுகிறான்; வெடிகுண்டு வைக்கிறான்; நீச்சலுடையைக் கழற்றினால் உள்ளே கசங்காத வெள்ளை விருந்துச் சட்டை! அதற்கும் பின்வரும் கதைக்கும் பெரிய தொடர்பில்லை. ஆனால் ஓர் ஒப்பந்தம் அங்கே எழுதப்பட்டுவிடுகிறது. இந்த உலகத்தில் அடி விழும், வலி இராது. ஆகவே நீங்கள் சிரிக்கலாம் என்பதுதான் அந்த ஒப்பந்தம்.

இதற்குப் பத்து வருடங்களுக்கு முன்னர், 1954இல், ஜப்பானிய மேதை குரோசாவா எடுத்த 'ஏழு சாமுராய்' வேறு விதமாய்த் தொடங்குகிறது. குதிரைகளில் வரும் கொள்ளையர் உயரத்தில் நின்று கீழே கிடக்கும் கிராமத்தை நோக்குகின்றனர். இப்போது கொள்ளையிட ஒன்றுமில்லை, வாற்கோதுமை விளைந்த பின் வருவோம் என்று பேசிக்கொண்டு போய்விடுகின்றனர். அது ஒரு குடியானவன் காதில் விழுகிறது. ஓர் அடிகூட விழவில்லை. இருந்தும் பயிர் முற்ற முற்ற நமக்குப் பயம் முற்றுகிறது. அறுவடை நாளே போர் நாள் என்று முதற் காட்சியே விதித்துவிட்டது. பொண்ட் படத்தில் வலியில்லை. இங்கு வலியைத் தவிர வேறில்லை. இரண்டும் சண்டைப் படங்களே!

ஆக, ஆரம்பக் காட்சி வகுப்பது அந்த உலகத்தின் சட்டத்தை. அங்கு அடி என்றால் என்ன பொருள், யார் அடிக்கலாம், அடித்தால் எது தீரும் என்பவற்றை அது முதலிலேயே சொல்லிவிடுகிறது.

தமிழ்ப் படத்துக்கு வருவோம். நமது கூத்திலே பாத்திரம் சும்மா நடந்து வருவதில்லை. வரவுப் பாட்டோடும் ஆட்டத்தோடும் தன்னை இன்னார் என்று அறிவித்துக்கொண்டு வரும். தமிழ்த் திரை நாயகனின் அறிமுகக் காட்சி இந்த வரவின் பேரன் என்பேன். 1992இல் 'அண்ணாமலை' படத்தில் ரஜினிகாந்தின் பட்டப் பெயர் புள்ளி புள்ளியாய்த் திரையில் எழுந்ததே, அதுவும் ஒரு வரவுதான். கட்டியக்காரனின் வேலையை எழுத்துக்கள் செய்தன. பின்னர் அது அவரது படங்களுக்கு வழக்கமாயிற்று.

1995இல் 'பாட்ஷா' வந்தபோது நான் பாடசாலை மாணவன். அக்காலத்தில் தோட்டங்களில் காசு சேர்த்து, தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்ப்போம். அப்படத்தின் முற்பாதியில் நாயகன் ஓர் ஓட்டோச் சாரதி. கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போதும் சிரித்தபடி வாங்கிக்கொள்கிறான். வேறொரு நடிகராயின் எழுந்து போயிருப்போம். பெயர்ப் பலகையும் வரவுப் பாட்டும் ஏற்கெனவே வாக்குக் கொடுத்துவிட்டமையால், நாங்கள் பொறுத்திருந்தோம். சொல்லப்போனால் அவன் வாங்கிய ஒவ்வோர் அடியும் எங்களுக்கு வட்டியோடு சேரும் கடனாயிற்று. துரைக்கும் கங்காணிக்கும் முன்னே வாய் திறவாது நின்ற பரம்பரைக்கு அந்தப் பொறுமையின் சுவை தெரியும்.

'தளபதி'யை (1991) விரித்துரைக்க வேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையில் ஓர் இளந்தாய் தன் குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டுவிடுகிறாள். அருச்சுனன் தபசு கண்டு வளர்ந்த எங்கள் பெரியவர்களுக்கு ரயில் ஆறாகவும் அந்தப் பிள்ளை கர்ணனாகவும் தெரிய அதிக நேரம் எடுப்பதில்லை.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது 1987இல் மணிரத்னம் எடுத்த 'நாயகன்'. உலகம் அதைப் பம்பாய்த் தாதாவின் கதை என்கிறது. ஆனால் அது பம்பாயில் தொடங்கவில்லை. தேடப்படும் ஒரு தொழிற்சங்கத் தலைவரின் சிறு மகனைப் பொலிசார் தந்திரமாக விடுவித்துப் பின்தொடர்கின்றனர். பிள்ளை அறியாமலே தகப்பனைக் காட்டிக் கொடுக்கிறான். தகப்பன் சுடப்படுகிறான்; பிள்ளை அந்தப் பொலிஸ்காரரைக் குத்திவிட்டு ஓடுகிறான். தந்தையின் இரத்தத்துக்கு மகன் பதில் கேட்பான் என்ற சட்டம் அங்கே பிறக்கிறது. அந்தச் சட்டம் நாயகனுக்கும் விலக்களிப்பதில்லை. அவன் கொன்ற அதிகாரியின் மகன் கையாலேயே இறுதியில் அவன் மடிகிறான்.

நகரத்து இரசிகர் இதை ஒரு முன்கதையாகக் கடந்து போகலாம். மலையகத்தவரால் முடியுமா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் மாண்டார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்ற மக்கள் மத்தியில் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டார். இப்பெயர்களைக் கேட்டு வளர்ந்தவர் முன்னே தொழிற்சங்கக்காரரைப் பொலிஸ் சுடும் காட்சி ஓடினால், அங்கு தொடங்குவது தாதாப் படமல்ல; தியாகியின் கதை. அதனால்தான் பின்னால் வேலு நாயக்கர் செய்யும் கடத்தலையும் கொலையையும் எங்கள் லயத்துப் பெரியவர்கள் இலகுவாக மன்னித்தார்கள். அந்த மன்னிப்பு சரிதானா என்பது எனக்கு இன்றும் உறுத்தலான கேள்வி. பாயிரம் கேட்போரைத் தெரிவதுபோல, கேட்போரும் பாயிரத்தைத் தமக்கு ஏற்ப வாசித்துக்கொள்கிறார்கள்.

இப்போது வேறொரு சங்கடம். கைத்தொலைபேசியில் சண்டைகள் துண்டு துண்டாய்க் கிடைக்கின்றன. தலை இல்லாத உடல்கள். என் வகுப்புப் பையன்களுக்கு 2019இல் வந்த 'கைதி'யின் சண்டைகள் அத்துப்படி. அப்படம் ஓர் அநாதை இல்லத்தில், நாளை உன்னைப் பார்க்க ஒருவர் வருவார் என்று ஒரு சிறுமியிடம் சொல்வதிலே தொடங்குகிறது என்றேன். பலருக்குத் தெரியவில்லை. விடிவதற்குள் அவன் போய்ச் சேர வேண்டும் என்பது தெரியாவிட்டால், அந்த இரவின் அடிதடி வெறும் தேகப்பயிற்சிதானே!

ஆகவே சென்ற தவணையில் பாயிரவியல் படிப்பிக்கும்போது 'நாயகன்' படத்தின் தொடக்கத்தை மட்டும் போட்டுக் காட்டினேன். நிறுத்தியதும் சற்று நேரம் சத்தமில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், "சேர், அவனை வெளியே விட்டதே அப்பாவைப் பிடிக்கத்தான்னு அந்தப் புள்ளைக்கு எப்ப சேர் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டான். முன்னால் இருந்த மாணவி திரும்பி, "சுட்ட சத்தம் கேட்டப்பதான்" என்றாள். எட்டில் எது இது என்று நான் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. மணி அடிக்கும்வரை அவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள்.