காரைக்குடியில் எத்தனை எழுத்து?

'காரைக்குடி' என்னும் ஊர்ப் பெயரில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று கேட்டால், நான்காம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்கிச் சொல்லிவிடும்: கா, ரை, க், கு, டி, ஆக, 5. இதே கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்டுப் பாருங்கள். பைத்தான் மொழியில் எழுதிய ஒரு வரி நிரல், 10 என்று விடை தரும். சி மொழியில் வழக்கமான முறையில் அளந்தால் 30 என்று வரும். பிள்ளை சொன்னது பிழையா, பொறி சொன்னது பிழையா? எவர் சொன்னதும் பிழையன்று. ஒவ்வொருவரும் எண்ணிய பொருள் வேறு. அந்த வேறுபாட்டை அறியாமல் தமிழுக்கு நிரல் எழுதப் புகுவோர் இடருறுவர். அதைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கணிப்பொறி அறிந்தவை எண்களே. நாம் எழுதும் தொடரை அது பூச்சரம் போல வரிசையாகக் கோத்து வைத்துக்கொள்கிறது. அதனாலேயே அதற்குச் சரம் என்று பெயர். சரத்தின் ஒவ்வொரு பூவுக்கும் ஓர் எண் உண்டு. அதனைக் குறியெண் என்போம். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொது முறையில், தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 247 எழுத்துகள் 128 இடங்களில் எவ்வாறு அடங்கும் என்று நீங்கள் வியக்கலாம். க, கா, கி என ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரவில்லை. 'க' ஒரு குறியெண். துணைக்கால் ஒரு குறியெண். புள்ளி ஒரு குறியெண். ஆகவே காரைக்குடியின் ஐந்து எழுத்துகளும் இவ்விரண்டு துண்டுகளாகிப் பத்தாயின. ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் பெரும்பாலும் மூன்று பைட்டுகளாகச் சேமிக்கப்படுவதால், அப்பத்தே முப்பதாயிற்று.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மெய்யே அடிப்படை, அது புள்ளி பெறும், உயிர் ஏறும்போது புள்ளி நீங்கும் என்பது தொல்காப்பியர் நூல்மரபில் காட்டிய நெறி. நாமும் 'க்' உடன் 'அ' சேர்ந்தால் 'க' என்றே கற்பிக்கிறோம். பொறியிலோ கணக்குத் தலைகீழ்: 'க'வோடு புள்ளி சேர்ந்தால் 'க்' ஆகிறது. இதன்படி, உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆகிய 31 எழுத்துகளே ஒற்றைக் குறியெண் உடையவை. எஞ்சிய 216 எழுத்துகளும் இரட்டை. உயிர்மெய்களும் 216 தானே என்று அவசரப்படாதீர்கள். இந்த 216இல் மெய்கள் பதினெட்டும் அடக்கம், 'க', 'ங' முதலியவை விலக்கு. தொகை ஒத்துப்போனது தற்செயல்.

இதனால் விளையும் கேடு யாது? 'விகடகவி' என்னும் சொல் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே என்பதைச் சிறுவரும் அறிவர். திருஞானசம்பந்தர் இவ்வகையில் மாலைமாற்று என ஒரு பதிகமே பாடியிருக்கிறார். ஆங்கிலச் சொற்களுக்கு எழுதிய நிரலைக் கொண்டு விகடகவியைத் திருப்பிப் பாருங்கள். கொக்கி முன்னே வந்து பற்றுக்கோடின்றி நிற்கும். 'இச்சொல் இருபுறமும் ஒவ்வாது' என்று பொறி தீர்ப்புக் கூறிவிடும்.

மாற்று மிக எளிது. வானொலியில் நிரலை வாசித்தால் செவிக்கு இனிக்காது. ஆதலின் அதன் கருத்தைச் சொல்கிறேன். முதலில் வெறும் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சரத்தின் குறியெண்களை ஒவ்வொன்றாக எடுங்கள். எடுத்தது 3006 முதல் 3021 வரையுள்ள எண்ணாயின், அது துணைக்குறியோ புள்ளியோ ஆகும். அதனைப் பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டிவிடுங்கள். அவ்வாறன்றாயின், அதனைப் புதிய உறுப்பாகச் சேருங்கள். அவ்வளவே, ஆறேழு வரிகளுக்கு மேற்படாது. இப்போது பட்டியலின் உறுப்புகளை எண்ணினால் காரைக்குடிக்கு 5. பட்டியலைத் திருப்பினால் விகடகவி விகடகவியாகவே நிற்கும். 'ஸ்ரீ', 'க்ஷ' என்னும் வடவெழுத்துக் கூட்டங்களை மட்டும் ஒன்றாகக் கொள்வதா, பிரித்து எண்ணுவதா என்று நீங்களே முடிவு செய்யவேண்டும். இப்பணியைச் செய்து தரும் ஓப்பன் தமிழ் என்னும் ஆயத்தத் தொகுப்பும் உண்டு. ஆயினும் முதன்முறை உங்கள் கையாலேயே எழுதுங்கள்.

தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத விரும்புவோருக்கு, முத்து அண்ணாமலை அவர்கள் படைத்த எழில் என்னும் மொழி இருக்கிறது. 2009இல் அவர் அதனை ஒரு கட்டுரையால் அறிமுகப்படுத்தினார். அதில் நிபந்தனை முன்னே வர, 'ஆனால்' என்னும் சொல் பின்னே வருகிறது. 'மழை பெய்தால்' என்று நாம் பேசும் முறையும் அதுவன்றோ?

விளையாட்டோடு இது நிற்பதில்லை. 'சொ. நாச்சியப்பன்' என்று ஒருவர் பெயர் இருப்பதாகக் கொள்ளுங்கள். செட்டிநாட்டில் இது பழகிய பெயர். முன்னெழுத்து, புள்ளி, இடைவெளி எல்லாம் சேர்ந்து இதற்கு 16 குறியெண்கள். 15 இடமே உள்ள படிவத்தில் பொறி ஒன்றைத் தறித்துவிடும். தறிபடுவது இறுதி 'ன்' மேலுள்ள புள்ளி. 'நாச்சியப்பன' என்று அச்சாகும். இவ்வாறு புள்ளி இழந்த பெயரோடு ஓர் அலுவலகம் வழங்கிய அட்டையை நானே கண்டிருக்கிறேன். சான்றிதழில் ஒரு பெயரும் அட்டையில் ஒரு பெயருமாக நின்றால், அலைபவர் அந்த மாணவரே. நிரல் எழுதியவர் குறியெண்ணை வெட்டாமல், எழுத்துப் பட்டியலை வெட்டியிருந்தால் பெயர் குறுகினாலும் கோணாது.

இன்னொன்று. நூல் திரட்டலில் பெயர்பெற்ற ரோஜா முத்தையா அவர்களின் ஊர், நமக்கு அண்மையிலுள்ள கோட்டையூர். அப்பெயரின் 'கோ'வை ஒருவர் க, ஓகாரக்குறி என இரு குறியெண்களால் எழுதலாம். வேறொருவர் இரட்டைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியே இட்டு மூன்றால் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றே, பொறிக்கு வேறு. நூற்பட்டியலில் ஒரு விதமாகவும் தேடுபவர் விரலில் மற்றொரு விதமாகவும் இருந்தால், அலமாரியில் உள்ள நூலும் இல்லை என்றே ஆகிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். பைத்தானில் இதற்கென்றே கருவி உண்டு.

அகரவரிசையிலும் ஒரு பொறி இருக்கிறது. 'ன'வின் எண் 2985. 'ள'வின் எண் 2995. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கினால் வனிதா முன்னும் வள்ளி பின்னும் வருவர். நம் நெடுங்கணக்கிலோ 'ன' பதினெட்டாவது, வள்ளிதான் முன். வருகைப் பதிவேடு எழுதிய கை எனக்கு. இது கண்ணில் பட்டால் உறுத்தும். க, ங, ச என்னும் வரிசையை நீங்களே ஒரு பட்டியலாகக் கொடுத்து, அதன்படி அடுக்கச் சொல்லுங்கள்.

இந்த இடர்ப்பாடுகளைக் கருதியே, எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்னும் குறியீட்டு முறையையும் யூனிகோடோடு சேர்த்துத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆயினும் உலகெங்கும் பரவி நிற்பது யூனிகோடே. அதனோடு பழகுவதே நமக்கு வழி.

நிரல் எழுதி முடித்ததும் இரண்டு ஊர்ப் பெயர்களை இட்டுச் சோதியுங்கள். தேவகோட்டைக்குக் குறியெண்கள் 9, சிவகங்கைக்கு 8. உங்கள் நிரல் இரண்டுக்கும் 5 என்று காட்டவேண்டும்.