குழப்படியும் அகராதியும்



விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர் இந்தக் காரைதீவு. விஞ்ஞானத்துக்குத் தமிழ்ச்சொல் காண 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். அவருடைய மண்ணில் நின்று நான் எடுத்துப் பேசப்போவது குறும்பையும் வெட்டிப்பொழுதின் கும்மாளத்தையும் குறிக்கும் நம் பேச்சுச் சொற்களை. ஆய்வு மேடைக்கு இவையும் உரியவை என்பதே என் வாதம்.

சும்மா இருக்க மாட்டாத பிள்ளையைக் குழப்படிக்காரன் என்கிறோம். அந்த ஏச்சில் கோபத்தைவிடப் பாசமே கூட. பெரியவர்கள் கூடிச் சிரித்துப் பொழுதுபோக்கினால் அது பம்பல். ஆளை வைத்துச் சிரித்தால் பகிடி. அதில் குத்தல் ஏறியதும் நளினம் என்று பெயர் மாறிவிடும். 'என்னோட சேட்டை விடாத' என்று ஒருவர் சொல்லிவிட்டால் விளையாட்டு அத்தோடு முடிந்தது. எது வரை சிரிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற ஊர் ஒழுங்கே இந்தச் சொற்களுக்குள் இருக்கிறது.

அந்த எல்லை உடைந்தபோது பிறந்த சொல்லையும் நாம் அறிவோம்: பகிடிவதை. நம் பல்கலைக்கழகங்களில் புதுமுக மாணவரை வதைக்கும் அந்தப் பழக்கம் உயிர்களையும் குடித்திருக்கிறது. அதைத் தடைசெய்து 1998இல் சட்டம் வந்தது. வதை என்ற சொல்லை ஒட்டவைத்த மக்கள், பகிடி அதுவல்ல என்று தீர்ப்பளித்துவிட்டார்கள் என்றே நான் கொள்கிறேன்.

கண்ணகி வழிபாட்டோடு வந்த கொம்புமுறியை எண்ணிப் பாருங்கள். ஊர் வடசேரி, தென்சேரி எனப் பிரிந்து, கோத்த கொம்புகளை வடம் பூட்டி இழுக்கும். வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டிலே ஏசும். அந்த ஏச்சும் வழிபாட்டில் அடக்கம். கேலிக்கு இப்படி இடம் வகுத்த சமூகம் அதற்கான சொற்களையும் நுட்பமாகவே வகுத்திருக்கும்.

நாம் பேசும் மட்டக்களப்புத் தமிழ், பேச்சுவழக்குகளில் இலக்கிய வழக்குக்கு மிக நெருங்கியது என்றார் மொழியியலாளர் கமில் சுவெலபில். அதனால் மறுகா (பிறகு), கிறுகு (திரும்பு), ஒள்ளம் (கொஞ்சம்) போன்ற சொற்களைப் பழமைக்காகப் போற்றுகிறோம். சிரிப்புச் சொற்களை வீட்டு முற்றத்திலேயே விட்டுவிட்டோம். இது சரியல்ல. ஸ்கொத்லாந்தில் ஜோன் ஜேமிசன் 1808இல் வெளியிட்ட ஸ்கொட்ஸ் மொழி அகராதியில், வீண் விளையாட்டைக் குறிக்கும் 'டாஃபின்' போன்ற நாட்டுப்புறச் சொற்களுக்கும் இடம் தந்தார். அதே மொழிக்கு 1931இல் தொடங்கிய தேசிய அகராதி 1976இல்தான் பத்துத் தொகுதிகளாக நிறைவெய்தியது. குறும்புச் சொல்லை ஒதுக்காமலே அவர்கள் பேரகராதி செய்தார்கள்.

நமக்கு வேலை பக்கத்திலேயே இருக்கிறது. காரைதீவுக்கு ஒரு புறம் மாளிகைக்காடும் சாய்ந்தமருதும், மறுபுறம் நிந்தவூர். கோயில் வீதியில் புழங்கும் சொல்லையும் பள்ளிவாசல் முன்றலில் புழங்கும் சொல்லையும் ஒரே ஏட்டில் எழுதுங்கள். சொன்னவரின் ஊரையும் வயதையும், அவர் சொன்ன முழு வாக்கியத்தையும் குறியுங்கள். நாகரிகம் கருதி ஒன்றையும் திருத்தவோ நீக்கவோ வேண்டாம். இந்த அமர்வுகள் முடிவதற்குள் அதற்கொரு குழுவை அமைத்துவிடுங்கள் என்று அவையைக் கேட்டுக்கொள்கிறேன்.