அடைப்புக்குறி போடாத ஒரு வரி

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு வரி கோட் பத்திதான் பேசப் போறேன். அந்த வரியால எங்க சித்தப்பா என்கிட்ட மூணு மாசம் பேசல.

அம்பாசமுத்திரத்துல தெரிஞ்சவர் ஒருத்தர் உரக்கடை வச்சிருக்கார். எங்க பக்கம் பிசான நெல் அறுத்து, பணம் கைக்கு வந்ததும்தான் உரக்கடனை அடைப்பாங்க. அந்தச் சமயத்துல பாக்கி உள்ளவங்களுக்கு ஒரு மெசேஜ் போகணும். அம்பை, தாமிரபரணிக்கு அக்கரையில இருக்கிற கல்லிடைக்குறிச்சி, இந்த ரெண்டு ஊருக்கு மட்டும். நான் அப்போதான் பைத்தான் படிச்சிட்டிருந்தேன். "நான் எழுதித் தாரேன் அண்ணாச்சி"ன்னு வாயைக் கொடுத்துட்டேன்.

நிபந்தனை இதுதான்:

ஊர் == "அம்பை" ஆர் ஊர் == "கல்லிடை" அண்ட் பாக்கி > 0

வாசிச்சுப் பார்த்தா சரியாத்தான் தெரியும். ஆனா அம்பையில கடனே இல்லாதவங்களுக்கும் மெசேஜ் போயிருச்சு. அதுல சித்தப்பாவும் ஒருத்தர். அறுவடை முடிஞ்ச மறுநாளே கடனை அடைக்கிற மனுஷன். "ஏல, நான் என்னைக்குல பாக்கி வச்சேன்?"னு கேட்டவர்தான், அப்புறம் பேச்சே இல்ல.

என்ன நடந்தது? 2 + 3 × 4 எவ்வளவு? 20 இல்ல, 14. பெருக்கல்தான் முதல்ல. அதே மாதிரி பைத்தான்ல ஆரைவிட அண்டுக்கு முன்னுரிமை. 1854-லயே ஜார்ஜ் பூல் தன்னோட புத்தகத்துல தர்க்கத்தை இப்படி இயற்கணிதமா எழுதிக் காட்டிட்டார். உண்மைன்னா 1, பொய்னா 0. அண்ட்னா பெருக்கல், ஆர்னா கூட்டல் மாதிரி.

சித்தப்பாவைப் போட்டுப் பாருங்க. அம்பையா? 1. கல்லிடையா? 0. பாக்கி இருக்கா? 0.

1 + 0 × 0 = 1. மெசேஜ் போயிரும்.

ஊர் ரெண்டையும் அடைப்புக்குறிக்குள்ள போட்டா, (1 + 0) × 0 = 0. போகாது.

கம்ப்யூட்டர் மேல தப்பே இல்ல. விதிப்படிதான் கணக்குப் போட்டுச்சு. நான் பாக்கி உள்ளவங்க பேரை மட்டும் போட்டு டெஸ்ட் பண்ணினேன். போகக் கூடாதவங்களுக்குப் போகாம இருக்கான்னு பார்க்கவே இல்ல.

அதனால ஆரும் அண்டும் ஒரே வரியில வந்தா, முன்னுரிமை மனப்பாடமா தெரிஞ்சாலும் அடைப்புக்குறி போட்டுருங்க. அடுத்து அந்த வரியை வாசிக்கப் போற ஆளுக்கும் அது உதவும்.

சித்தப்பாகிட்ட இதே கணக்கைத் தாள்ல போட்டுக் காட்டினேன். பார்த்துட்டு, "அப்போ நான் பூஜ்யமால?"ன்னார். "பாக்கிதான் பூஜ்யம் சித்தப்பா"ன்னேன். சிரிச்சிட்டார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!