இரண்டு மாத்திரை சேர்ந்தால் இரட்டை பலமா?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் லெட்ஜர் எழுதி ஓய்வு பெற்றவன். வீட்டில் நான் செய்த ஒரு தவறுதான் இதைப் பற்றிப் படிக்க வைத்தது.

போன வருடம் என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று, குளிர் ஜுரம். டாக்டர் கல்ச்சர் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். காலையில்தான் சாம்பிள் கொடுக்க வேண்டும். அதற்குள் நான் அலமாரியில் மிஞ்சிக் கிடந்த இரண்டு வகை ஆன்டிபயாடிக்கை இரவே சேர்த்துக் கொடுத்துவிட்டேன். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்பது என் கணக்கு.

இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது: கிருமி வளரவில்லை. ஆனால் ஜுரம் இறங்கவில்லை. "சாம்பிள் கொடுக்கும் முன் ஏதாவது மாத்திரை போட்டீர்களா?" என்றார் டாக்டர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அரைகுறையாகப் போட்ட மருந்து நோயைத் தீர்க்காமலே சோதனையில் கிருமி வளர்வதை மட்டும் தடுத்துவிடலாமாம். எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல வேண்டிய ரிப்போர்ட் வீணானது. அவள் ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தாள்.

இரண்டு மருந்து சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைச் சோதனைக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்? செக்கர்போர்டு என்று ஒரு முறை உண்டு. 8 வரிசை, 12 பத்தி, ஆக 96 குழிகள் உள்ள சின்னத் தட்டு. ஒரு மருந்தைக் குறுக்காகவும் இன்னொன்றை நெடுக்காகவும் பாதிபாதியாகக் குறைத்து ஊற்றி, எல்லாக் குழியிலும் ஒரே அளவு கிருமியை விடுவார்கள். மறுநாள் கலங்கிய குழியில் கிருமி வளர்ந்திருக்கிறது. தெளிந்த குழியில் வளரவில்லை.

அப்புறம் நமக்குத் தெரிந்த கணக்குதான். முதல் மருந்து தனியாக 8 மைக்ரோகிராம் தேவைப்பட்டது, கூட்டாக 2 போதும் என்றால், கால். இரண்டாவது 16-லிருந்து 4 ஆனால், அதுவும் கால். இரண்டும் கூட்டினால் அரை. அரையோ அதற்குக் குறைவோ வந்தால் ஒன்றுக்கொன்று துணை. 4-க்கு மேல் போனால் ஒன்றையொன்று கெடுக்கிறது. இடையில் வந்தால் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

கெடுக்குமா என்று கேட்பீர்கள். 1951-இல் அமெரிக்காவில் லெப்பர், டௌலிங் என்ற இரு மருத்துவர்கள் மூளைக்காய்ச்சல் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். பெனிசிலின் மட்டும் பெற்ற 43 பேரில் 13 பேர் இறந்தார்கள். அதோடு ஆரியோமைசினும் பெற்ற 14 பேரில் 11 பேர் இறந்தார்கள். வளர்கிற கிருமியைத்தான் பெனிசிலின் நன்றாகக் கொல்லும். மற்றது அந்த வளர்ச்சியையே நிறுத்திவிடுகிறது.

அதற்காகக் கூட்டு மருந்தே கூடாது என்று நினைக்க வேண்டாம். டி.பி.க்கு நான்கு மருந்து சேர்த்துத் தருகிறார்கள். ஒன்றுக்குத் தப்பிய கிருமியை மற்றது பிடித்துக்கொள்ளும். அது சோதித்துப் பார்த்த கூட்டு. என்னுடையது அலமாரிக் கூட்டு.

ஆகவே இரண்டே வேண்டுகோள். கல்ச்சர் எழுதினால், முதலில் சாம்பிள், பிறகு டாக்டர் சொன்ன மருந்து. ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மீதி மாத்திரையை நீங்களும் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டு மருந்து அலமாரிச் சாவி இப்போது என் மனைவியிடம்.