தலைநகரும் நஞ்சையும்



அதிகாரம் எங்கே அமர்கிறதோ அங்கே சாலையும் கட்டடமும் சென்று சேர்கின்றன. நம் மாவட்டமே இதற்குச் சான்று. பழம்பெரும் பெரியகுளம் அருகிலிருக்க, 1996-ல் மதுரையினின்று பிரிக்கப்பட்ட புதிய மாவட்டத்திற்குத் தேனி தலைநகராயிற்று. மதுரை, பெரியகுளம், கம்பம் சாலைகள் கூடும் சந்தையூருக்கு அது பொருந்தாது என்று யாரும் கூறமாட்டார். ஆண்டிபட்டி 2002 முதல் 2006 வரை முதலமைச்சர் ஜெயலலிதாவின் தொகுதியாயிருந்தது. அவ்வட்டாரத்துக் கானாவிலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி அமைந்ததும் அக்காலத்தில்தான். ஏழை நோயாளிகளுக்கு அது பெரும் நன்மையே.

ஆயினும் நன்மை வந்த சாலை வழியே மனை வணிகமும் வருகிறது. 1895-ல் திறக்கப்பட்ட பெரியாற்றணையின் நீரால் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கின் நஞ்சைக்கு, சாலையோரம் என்பதாலேயே மனை விலை பேசப்படுகிறது. மேல்வயல் மனையானால் அதனூடே செல்லும் வாய்க்கால் தூர்ந்துபோகும். விற்காதவனுடைய கீழ்வயலும் காயும். இந்த இழப்பை எந்தப் பத்திரத்தில் எழுதுவது?

1992-ல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாவட்டத் திட்டக்குழுவை வகுத்தது. அதன் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினரேனும் மாவட்ட ஊராட்சி, நகராட்சி, பேரூராட்சி உறுப்பினர்களால் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்படவேண்டும். கிராம, நகர மக்கள்தொகை விகிதப்படியே இடங்கள். கிராமத்திற்கும் அங்கே நாற்காலி உண்டு. அதில் அமர்பவரின் கையில் நாம் எதைக் கொடுத்தனுப்புகிறோம்? அடுத்த கிராம சபையில், புல எண்கள் குறித்த வாய்க்கால் வரைபடத்தை எல்லோரும் காணும்படி விரித்து வைக்கச் சொல்லுங்கள்.